எக்செல்லில் செல் எண்ணிக்கை மைனசுக்குப் போகுது: உடலுக்குள் வைரஸ் பெருகும் கணக்கில் சந்தேகம்

பொருநை மாணவி:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில எம்.எஸ்சி. கணிதம் ரெண்டாம் வருஷம் படிக்கேன். புராஜெக்ட், ஒரு ஆளோட உடம்புக்குள்ள வைரஸ் பெருகுறதுக்கான கணித மாடல். ஊருக்குள்ள தொற்று பரவுற கணக்கு இல்ல.

எடுத்திருக்கிறது மூணு சமன்பாடு. டி = தொற்றாத செல், ஐ = தொற்றிய செல், வி = வைரஸ் அளவு.

டி மாறும் வேகம் = − பீட்டா × டி × வி
ஐ மாறும் வேகம் = பீட்டா × டி × வி − டெல்டா × ஐ
வி மாறும் வேகம் = பி × ஐ − சி × வி

பீட்டா = வைரஸ் செல்லைத் தொற்றும் வேகம், டெல்டா = தொற்றிய செல் சாகும் வேகம், பி = தொற்றிய செல் வைரஸ் உண்டாக்கும் வேகம், சி = வைரஸ் நீங்கும் வேகம்.

எண்கள் 2006-ல வந்த இன்ஃப்ளூயன்சா ஆய்வை ஒட்டியது: டி தொடக்கம் 40 கோடி, ஐ தொடக்கம் 0, வி தொடக்கம் 0.093, பீட்டா 0.000027, பி 0.012, சி 3, டெல்டா 4. காலம் நாள் கணக்குல. வைரஸ் அளவு மில்லிக்கு டிசிஐடி50 (வளர்ப்புச் செல் மாதிரிகள்ல பாதியைத் தொற்ற வைக்கும் அளவு).

எக்செல்ல ஆய்லர் முறையில (இப்போதைய வேகம் × படி-ன்னு கூட்டிக்கிட்டே போறது) கால் நாள் படி (0.25) வச்சுப் போட்டேன். மூணு சிக்கல்:

1. முதல் வரிசைகள்ல வி இப்படி வருது: 0.093, 0.023, 0.76, 0.38, 6.2, 4.6. ஏறி இறங்கி ஏறுது. 3.5-ஆம் நாள் வரிசையில டி சுமார் 20 கோடி. அடுத்த வரிசையில மைனஸ் 12.8 கோடி! ஃபார்முலாவை நாலு தடவை சரி பார்த்துட்டேன்.

2. எக்செல் சால்வர் (பொருத்தமான எண்ணைத் தேடித் தரும் கருவி) வச்சு வளைவைப் பொருத்தும்போது ஒவ்வொரு தடவையும் வேற வேற சி, டெல்டா, பி வருது. வளைவு மட்டும் ஒரே மாதிரி இருக்கு. எதை எழுதட்டும்?

3. இதையே நம்ம பக்கத்து டெங்குவுக்குச் செய்யச் சொல்லி கைடு கேக்காங்க. முடியுமா?

---

பேட்டை கணக்கு:

ஃபார்முலாவில் தப்பில்லம்மா. படி பெரிசு. முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.

உன் 3.5-ஆம் நாள் வரிசையையே பாரு. அங்க வி சுமார் 2.42 லட்சம் இருக்கணும். அதை 0.000027-ஆல் பெருக்கினா 6.5. அதாவது அந்த நேரத்தில் தொற்றாத செல்கள் நாளுக்கு 6.5 என்ற வேகத்தில் குறையுது. ஆய்லர் முறை அடுத்த கால் நாள் முழுக்க அதே இழப்பு நடக்கும்னு எடுத்துக்கிடும்: 0.25 × 6.5 = 1.63. இருக்கிற செல்லில் 163 சதவீதத்தைக் கழிக்கச் சொல்லுது. மீதி 1 − 1.63 = −0.63 பங்கு. 20.2 கோடியை அதால பெருக்கு, −12.8 கோடி வந்துரும். எக்செல் சொன்னதைச் சரியாத்தான் செஞ்சிருக்கு.

முதல் வரிசைகளின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வேற. டெல்டா 4, படி 0.25. ரெண்டையும் பெருக்கினா சரியா 1. அதனால ஒவ்வொரு படியிலும் பழைய தொற்றிய செல் மொத்தமும் செத்துரும், புதுசா தொற்றினது மட்டும் நிக்கும். இந்த வரிசையின் வைரஸ் அடுத்த வரிசையில் செல்லாகி, அதுக்கு அடுத்த வரிசையில்தான் வைரஸாகத் திரும்புது. ஒத்தைப்படை வரிசை தனியா, இரட்டைப்படை வரிசை தனியா ரெண்டு ஓட்டம் ஒரே காலத்துக்குள்ள ஓடுது. நிஜமான தீர்வில் முதல் அரை மணி நேரம் போல வி சின்னதா இறங்கும், அப்புறம் நேரே ஏறும். அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது:

படியை 0.01 நாள் ஆக்கு. பத்து நாளுக்கு ஆயிரம் வரிசை, எக்செல் தாங்கும். ஆய்லரை விட்டுட்டு ஆர்கே4 (நாலாம் வரிசை ருங்கே-குட்டா முறை) போட்டா இன்னும் நல்லது. பைத்தான் தெரிஞ்சா சைபையில் இருக்கிற ‘சால்வ் ஐவிபி’யை எடு, முறையா ‘எல்எஸ்ஓடிஏ’ கொடு, சார்புப் பிழை அளவைப் பத்து லட்சத்தில் ஒண்ணுன்னு வை. ஆர் மொழின்னா ‘டிசால்வ்’ தொகுப்பு. மைனஸ் வந்தா அதை 0 ஆக்கும் ‘மேக்ஸ்’ ஃபார்முலா மட்டும் போட்டுராத. அது பிழையை மறைக்கும், குறைக்காது. அதுக்குப் பிறகு வர்ற உச்சம், உச்ச நாள் எதையும் நம்ப முடியாது.

உன் எண்களுக்கு உச்சம் ஏறக்குறைய இரண்டரை நாளில் வரணும், நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. உன் கால் நாள் படி அதை ஒரு நாளுக்கும் மேல தள்ளிப் போட்டிருக்கு.

கணக்கு சரியான்னு பார்க்க ஒரு நல்ல உரைகல் உண்டு. ஆர் நாட் (தொடக்கத்தில் ஒரு தொற்றிய செல் சராசரியாத் தொற்ற வைக்கும் புது செல் எண்ணிக்கை) = பீட்டா × பி × டி தொடக்கம் ÷ (சி × டெல்டா). உன் எண்களைப் போட்டா 129.6 ÷ 12 = 10.8. இந்த மூணு சமன்பாட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தொகையிட்டா, கடைசியில் மிஞ்சும் டி பங்கின் இயல் மடக்கை = −10.8 × (1 − மிஞ்சும் பங்கு). மிஞ்சும் பங்கு மிகச் சின்னது, அதனால ஏறக்குறைய இ-யின் −10.8 அடுக்கு: லட்சத்துக்கு 2. 40 கோடியில் 8,160 செல். பத்தாம் நாள் வரிசையில் டி இதை ஒட்டி நிக்கணும். ஆய்லரில் 0.01 படி வச்சாக்கூட இது கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும். ஆர்கே4-ல் வந்து உக்காரும்.

அந்த 8,160-ஐ இன்னொரு தடவையும் பாரு. மூச்சுப்பாதைச் செல்லில் லட்சத்துக்கு ரெண்டுதான் பிழைக்கும்னு மாடல் சொல்லுது. சாதாரண காய்ச்சல் வந்தவங்க யாருக்கும் அப்படி நடக்கிறதில்லை. இன்டர்ஃபெரானும் (தொற்றிய செல் விடும் எச்சரிக்கைப் புரதம்) உடம்போட மத்த எதிர்ப்பும் இந்த மூணு சமன்பாட்டில் இல்ல; வைரஸ் குறையணும்னா தீனி தீர்ந்தாத்தான் குறையும். அதனால டி என்பதை ‘வைரஸ் எட்டக்கூடிய, தடுப்புக்குள் வராத செல்’னு வாசிக்கணும். புராஜெக்டில் இந்த ஒரு பத்தியை அவசியம் எழுது. வைவாவில் இதைத்தான் கேட்பாங்க.

---

நெல்லைக் கால்வாய்:

ரெண்டாவது கேள்விக்கு வாரேன். இதுதான் இந்தத் துறையோட உயிர்நாடி, கொஞ்சம் நீளமாப் போகும்.

நெல்லைக் கால்வாய்த் தண்ணி வந்து சேரும் நயினார்குளத்தை நினைச்சுக்கோங்க. நீர்மட்டம் பத்து நாளா அசையல. வரத்து கொஞ்சமா, போக்கும் கொஞ்சமா? இல்ல, ரெண்டுமே வெள்ளமா? மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. வரத்தை அடைச்சுட்டு மட்டம் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்த்தால்தான் தெரியும்.

எச்ஐவியில் நடந்தது இதுதான். நோய்க்குறி தெரியாத வருஷங்கள்ல ரத்தத்தில் வைரஸ் அளவு பெரிசா மாறாது. வைரஸ் தூங்குதுன்னு பலரும் நினைச்சாங்க. 1995-ல டேவிட் ஹோ குழுவும் ஜார்ஜ் ஷா குழுவும் மருந்து கொடுத்து, சரிவை அளந்தாங்க. 1996-ல ஆலன் பெரல்சனும் ஹோவும் சேர்ந்த ஆய்வில் அஞ்சு நோயாளிகளுக்கு ரிட்டோனவிர் என்ற எச்ஐவி மருந்து கொடுத்து, முதல் வாரத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்தாங்க. வந்த எண்கள்: ரத்தத்தில் வைரஸின் அரைஆயுள் சுமார் 6 மணி நேரம், தொற்றிய செல்லின் அரைஆயுள் சுமார் 1.6 நாள், உடம்பில் நாளுக்கு உற்பத்தி சுமார் 1,000 கோடி வைரஸ். அசையாத குளத்துக்குள்ள அவ்வளவு வரத்து, அவ்வளவு போக்கு. ஒரே மருந்து கொடுத்தா எதிர்ப்புத்திறன் ஏன் சீக்கிரம் வருதுன்னும், மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கணும்னும் இந்தக் கணக்கு தெளிவாக்குச்சு.

அங்க சி-யும் டெல்டாவும் தனித்தனியாக் கிடைச்சதுக்குக் காரணம், ரெண்டும் வேற வேற வேகம், சாம்பிளும் அடுத்தடுத்து எடுத்தாங்க. மருந்து கொடுத்ததும் சரிவு உடனே தொடங்காம ஒரு தோள் மாதிரி நின்னுட்டு அப்புறம் நேர்கோடா இறங்கும். தோளில் சி இருக்கு, நேர்கோட்டில் டெல்டா இருக்கு.

உங்க இன்ஃப்ளூயன்சா தரவு நாளுக்கு ஒரு சாம்பிள். சி 3, டெல்டா 4. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. உச்சத்துக்கு அப்புறம் கடைசிச் சரிவு ரெண்டில் மெதுவானதைத்தான் காட்டும்: நாளுக்கு 3, லாக்10 அளவில் நாளுக்கு 1.3 இறக்கம். மெதுவானது சி-யா டெல்டாவான்னு வளைவு சொல்லாது. சி-யை 4, டெல்டாவை 3-ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க. ஏறும் வேகம் அதே, சரிவு அதே, ஆர் நாட் அதே. சால்வர் தடுமாறுறது நியாயம்தான்.

பி-யின் கதை வேற, இன்னும் கறாரானது. டி-யையும் ஐ-யையும் யாரும் அளக்கல, வி-யை மட்டும்தான் அளந்தாங்க. டி தொடக்கத்தைப் பத்து மடங்கு குறைச்சு 4 கோடின்னு வச்சு, பி-யைப் பத்து மடங்கு கூட்டி 0.12-ன்னு வச்சா, வி-யின் வளைவு புள்ளி விலகாம அதேதான் வரும். தரவு எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி. பி × டி தொடக்கம் என்ற பெருக்கல்தான் கிடைக்கும், தனித்தனியா ஒருக்காலும் கிடைக்காது. அதனால ‘ஒரு செல் நாளுக்கு இத்தனை வைரஸ் தருது’ன்னு எழுதும் முன்னாடி, 40 கோடி என்பது வெளியிலிருந்து கொண்டுவந்த எண் என்பதையும் எழுதணும். அதோட பி-யின் அலகு டிசிஐடி50. அது வைரஸ் துகள் எண்ணிக்கை இல்ல.

வழிமுறை:

டி தொடக்கத்தை ஒரு எண்ணில் நிறுத்திருங்க. சி-க்கு வேற சோதனையிலிருந்து நம்பகமான எண் இருந்தா அதையும் நிறுத்திருங்க. பீட்டா, பி, டெல்டா மூணை மட்டும் தேட விடுங்க, அதுவும் லாக் எடுத்துத் தேடுங்க. அப்பத்தான் மைனஸ் பக்கம் போகாது.

பிழையை லாக்10 அளவில் எடுங்க. நேரடி அளவில் எடுத்தா உச்சத்தின் ஒரு புள்ளி மட்டும் முழுக் கணக்கையும் இழுத்துட்டுப் போயிரும். ஒண்ணாம் நாளும் ஆறாம் நாளும் இருக்கிறதே சால்வருக்குத் தெரியாது.

கருவியின் அளவு எல்லைக்குக் கீழ போன நாட்களுக்கு 0 போடாதீங்க, எல்லையில் பாதியும் போடாதீங்க. சாதாரண புள்ளிக்கு (தரவு − மாடல்) ÷ சிக்மா (அளவீட்டுப் பிழையின் திட்ட விலக்கம்), அதன் வர்க்கம். எல்லைக்குக் கீழுள்ள புள்ளிக்கு, மாடல் சொல்லும் அளவு எல்லைக்குக் கீழ இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு நார்மல் பரவலில் எடுத்து, அதன் இயல் மடக்கையை −2-ஆல் பெருக்கிக் கூட்டுங்க. எக்செல்ல ‘நார்ம் எஸ் டிஸ்ட்’ போதும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. டெல்டாவை 2, 2.5, 3, 3.5-ன்னு ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்தி, மத்ததைத் திரும்பத் திரும்பப் பொருத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் கடைசிப் பிழைத்தொகையை வரைபடமாக்குங்க. குழி மாதிரி வந்தா டெல்டா தரவில் இருக்கு, குறைந்தபட்சத்திலிருந்து 3.84 உயரம் வரை உள்ள இடைவெளியை 95 சதவீத எல்லைன்னு எழுதலாம். தரை மாதிரி தட்டையா வந்தா அது தரவில் இல்ல. அந்தத் தட்டைப் படத்தையே புராஜெக்டில் ஒட்டுங்க, அதுவும் ஒரு முடிவுதான்.

ஆர் நாட் பத்தி ஒரு எச்சரிக்கை. தரவில் திடமாத் தெரியுறது ஏறும் வேகம்தான். உங்க எண்களுக்கு நாளுக்கு 7.9, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பு. ஆர் நாட் = (1 + 7.9 ÷ சி) × (1 + 7.9 ÷ டெல்டா). சி 3-னா 10.8. ஏறும் வேகம் அதே இருக்க, சி-யை 10-ன்னு வச்சா 5.3-க்கு இறங்கிரும். செல்லுக்குள்ள வைரஸ் போனதிலிருந்து புது வைரஸ் வெளிய வர்ற வரைக்கும் உள்ள காத்திருப்பைச் சேர்த்தா மறுபடி ஏறும்: நீங்க சொன்ன அதே 2006 ஆய்வு, 6 மணி நேரக் காத்திருப்போடு பொருத்தி சுமார் 22-ன்னு கண்டுச்சு. ஆர் நாட்டை எழுதும்போது பக்கத்துலயே எந்த மாடல், எந்த சி-ன்னு எழுதாட்டா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல.

---

லேப் மேசை:

டெங்கு குறித்து, பரிசோதனைப் பக்கத்திலிருந்து.

கொசு கடித்த நாள் யாருக்கும் தெரியாது. அடைகாலம் 4 முதல் 10 நாள். நோயாளி வருவது காய்ச்சல் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் நாளில். அதற்குள் ரத்தத்தில் வைரஸ் உச்சம் பெரும்பாலும் கடந்துவிடும் அல்லது உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எத்தனை பேரிடம் சாம்பிள் எடுத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது வளைவின் இறங்கு பாதி மட்டும். மேலே சொன்ன ஏறும் வேகம் தரவிலேயே இராது. அதனால் பீட்டா, வி தொடக்கம், தொற்றிய நாள் மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாம் நோயாளிகளின் டெங்கு முதல் வகைத் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வு இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது, அதைப் படியுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையை வைரஸ் அளவுக்குப் பதிலாக வைக்காதீர்கள். எளிதில் கிடைக்கும் தரவு என்பதால் பலரும் இதைச் செய்யப் பார்க்கிறார்கள். பிளேட்லெட் அடியில் கிடப்பது காய்ச்சல் தணியும் சமயத்தில், அப்போது வைரஸ் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே திசையில் ஓடுவதில்லை. என்எஸ்1 (டெங்கு வைரஸ் புரதச் சோதனை) ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லும் வி ஆகாது. ஆர்டி-பிசிஆரின் சிடி மதிப்பு (வைரஸ் ஆர்என்ஏ தென்படும் வரை ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கை) வேண்டும், அதோடு அந்தச் சோதனையின் திட்டக் கோடும் (அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து சிடி-யை வைரஸ் அளவாக மாற்றும் கோடு) வேண்டும். பிசிஆர் திறன் முழுமையாக இருந்தால் சிடி 3.32 கூடினால் வைரஸ் ஆர்என்ஏ பத்தில் ஒரு பங்கு. திறன் குறைந்தால் அந்த 3.32 மாறும். திட்டக் கோடு இல்லாமல் இரண்டு லேப்களின் சிடி மதிப்புகளை ஒரே வரைபடத்தில் கலக்கவே கூடாது. ஹெப்பாரின் டியூபில் எடுத்த ரத்தம் பிசிஆரைத் தடுக்கும். இடிடிஏ டியூபாக இருக்கட்டும்.

இன்னொன்று, ஆர்என்ஏ பிரதி எண்ணிக்கை என்பது தொற்றவல்ல வைரஸ் எண்ணிக்கை அன்று. செயலிழந்த துகளும் எதிரணு ஒட்டிய துகளும் அதில் சேரும். உங்கள் இன்ஃப்ளூயன்சா பி-யை டெங்குவுக்குத் தூக்கி வைத்தால் அலகே ஒத்து வராது.

முதல் தடவை டெங்கு வந்தவர், இரண்டாம் தடவை வந்தவர் என்று பிரிக்காமல் பொருத்துவதும் வீண். இரண்டாம் தடவையில் பழைய எதிரணுவின் துணையோடு வைரஸ் செல்லுக்குள் நுழைவது கூடலாம், எதிர்ப்பாற்றலும் முன்கூட்டியே எழும். மாடலில் இது பீட்டாவையும் டெல்டாவையும் இரண்டு பக்கமாக இழுக்கும். ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் எதிரணு) முடிவு இல்லாத நோயாளியைத் தனி வரிசையில் வையுங்கள்.

நோயாளித் தரவைத் தொடும் முன் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். பெயர், முகவரி, மருத்துவமனை எண் மூன்றும் நீக்கப்பட்ட பட்டியலாகத்தான் வாங்க வேண்டும். அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய புராஜெக்ட் என்றால் வெளியான தரவை எடுங்கள்.

---

பொருநை மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆர்கே4, 0.01 படி போட்டாச்சு. உச்சம் இரண்டரை நாளை ஒட்டி வந்துட்டு, டி கடைசியில 8,100-க்குக் கொஞ்சம் மேல நிக்குது. சி-யையும் டெல்டாவையும் மாத்திப் போட்டேன். ரெண்டு வளைவையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கண்ணுக்கு வித்தியாசமே தெரியல.

இன்னும் ரெண்டு. வி தொடக்கம் 0.093-ஐயும் தேட விடலாமா? சமநிலைப் புள்ளி ரெண்டுக்கும் லியாபுனோவ் சார்பு வச்சு முழுமை நிலைத்தன்மை (எங்க தொடங்கினாலும் அந்தப் புள்ளிக்கே வந்து சேரும்கிறது) நிறுவணும்னும் தலைப்புக் குறிப்பில இருக்கு. ஒரு சமநிலைதான் எனக்குக் கிடைக்குது.

---

பேட்டை கணக்கு:

வி தொடக்கத்தைத் தேட விடாதம்மா. அதைப் பத்து மடங்கு கூட்டினா உச்சம் 2.303 ÷ 7.9 = 0.29 நாள், அதாவது 7 மணி நேரம் முன்னாடி வரும். நாளுக்கு ஒரு சாம்பிளில் அந்த 7 மணி நேரத்தைப் பீட்டா கொஞ்சம் அசைஞ்சே ஈடுகட்டிரும். அதை நிறுத்தி வச்சு, 0.01-லயும் 1-லயும் ஒவ்வொரு தடவை ஓட்டி, மத்த எண்கள் எவ்வளவு மாறுதுன்னு ஒரு அட்டவணை கொடு.

சமநிலை விஷயத்தில் நீ கண்டதுதான் சரி, ஒரு திருத்தத்தோட. உன் சமன்பாட்டில் புது செல் பிறப்பே இல்ல. வி 0, ஐ 0 ஆக இருக்கும் எந்த டி-யும் சமநிலைதான். ஒரு புள்ளி இல்ல, ஒரு கோடு முழுக்க. நோய் நிலைச்சு நிற்கும் ரெண்டாவது சமநிலை கிடையாது, இல்லாததுக்கு லியாபுனோவ் சார்பு தேட முடியாது. அந்தத் தேற்றம் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி மாதிரி நாள்பட்ட தொற்றுக்கு உரியது. அங்க டி-யின் சமன்பாட்டில் நாளுக்கு லாம்டா செல் பிறக்கும், ஒவ்வொரு செல்லும் சிறுடி (சின்ன எழுத்து d) வேகத்தில் இயல்பாச் சாகும். டி தொடக்கம் = லாம்டா ÷ சிறுடி. ஆர் நாட் 1-க்கு மேல போனா டி, தொடக்க அளவை ஆர் நாட்டால் வகுத்த இடத்தில் நிக்கும், வைரஸும் கூடவே நிக்கும்.

கைடுகிட்ட ரெண்டு அத்தியாயமாக் கேட்டுப் பாரு. முதல் அத்தியாயம் லாம்டாவோடு நிலைத்தன்மைத் தேற்றம். ரெண்டாவது லாம்டா இல்லாம, இன்ஃப்ளூயன்சா தரவுப் பொருத்தமும் நம்ம கால்வாய்க்காரர் சொன்ன டெல்டா படமும். முதலாவதில் போடும் லாம்டாவை ரெண்டாவதுக்குக் கொண்டு வராத. பத்து நாளுக்குள் பிறக்கும் செல் எத்தனைன்னு உன் ஆறேழு புள்ளியில் கண்டுபிடிக்க வழியில்ல.